செகண்ட் சர்வ் கற்க எத்தனை வருடம்?

"பையனுக்குப் பதினஞ்சு முடியப்போகுது சார். இந்த வருஷம் டென்த் பப்ளிக். இன்னும் ஸ்டேட் ரேங்க் பக்கத்துலகூட வரலை. நிறுத்திடலாமா?"

நெய்வேலி டவுன்ஷிப்பில் பிள்ளையை டென்னிஸுக்கு அனுப்புகிற வீடுகளில் இந்தக் கேள்வி ஏதோ ஒரு கட்டத்தில் வந்தே தீரும். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்த கையோடு பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக்கு வருகிற அப்பாக்கள் கேட்பார்கள். ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் மறு கையில் டியூஷன் நோட்டுமாகக் காத்திருக்கிற அம்மாக்கள், வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேட்பதில் தப்பே இல்லை. டென்னிஸ் காசைத் தின்கிற விளையாட்டு. ஷூ தேய்கிறது, ஸ்டிரிங் அறுகிறது, வெளியூர்ப் போட்டிக்கு ரயில் டிக்கெட்டும் தங்கும் செலவும் மாதாமாதம் வந்து நிற்கின்றன.

ஆனால், பதில் சொல்வதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொழில்முறை டென்னிஸ் வீரரின் ஆட்டம் எந்த வயதில் தேறுகிறது? விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். டென்னிஸில் அந்தப் பழமொழி பாதிதான் பலிக்கிறது. அதை நம்பி எத்தனை நல்ல பயிர்களை முளையிலேயே பிடுங்கிப் போட்டோம் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டாம். சென்னைப் பையன் ஒருவரின் கதையே போதும்.

முழங்காலும் ஐந்தாவது ஆட்டமும்

பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 1989 நவம்பரில் சென்னையில் பிறந்தவர். இடதுகை ஆட்டக்காரர். ஃபோர்ஹேண்ட் அடித்தால் பந்து எதிராளியின் பேக்ஹேண்ட் பக்கம் கனமாக ஏறும். திறமையில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை. எலும்பில் மயிரிழை விரிசல். ஆறியது என்று களமிறங்கினால் மறுபடியும் விரிசல். ஒரு வீரரின் உடம்பு உச்சத்தில் இருக்க வேண்டிய இருபதுகளின் முதல் பாதி, அவருக்குப் பெரும்பாலும் ஓய்வும் பிசியோதெரபியுமாகவே போனது. மீண்டு வந்து, ஜெர்மனியில் அலெக்சாண்டர் வாஸ்கே நடத்தும் அகாடமியில் ஆட்டத்தையும் உடம்பையும் ஏறக்குறைய அடிப்படையிலிருந்தே கட்டினார். 2018 தொடங்கியபோது வயது 28. உலகத் தரவரிசையில் 240-ஐ ஒட்டிய இடம்.

நெய்வேலிக்காரர்களுக்கு அந்த வருடங்களைப் புரியவைப்பது எளிது. இங்கே 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். இடையில் நான்கு வருடங்களுக்கு மேல் மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டியதும், கீழிருந்து முட்டிக்கொண்டு வந்த ஊற்றுநீரை இரவுபகலாக இறைத்ததும்தான் வேலை. அந்த நாட்களில் குழிக்குள் எட்டிப் பார்த்தவருக்கு மண்ணைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்காது. ஆனால், கரி அங்கேதான் இருந்தது.

2018 ஏப்ரலில் சீனாவின் தியான்ஜின் நகரில் சீனாவுக்கு எதிரான டேவிஸ் கோப்பை மோதல். முதல் நாள் முடிவில் இந்தியா 0-2 என்று பின்தங்கியிருந்தது. லியாண்டர் பயஸும் ரோஹன் போபண்ணாவும் டபுள்ஸை வென்றார்கள். ராம்குமார் ராமநாதன் தன் ஆட்டத்தை வென்று கணக்கைச் சமன் செய்தார். கடைசி, ஐந்தாவது ஆட்டம் பிரஜ்னேஷின் தோளில் வந்து விழுந்தது. எதிரே, முந்தைய ஆண்டுதான் அமெரிக்க ஓப்பன் ஜூனியர் பட்டம் வென்றிருந்த வூ யிபிங். பிரஜ்னேஷ் 6-4, 6-2 என்று முடித்துவிட்டார். ஜூனியர் சாம்பியனை ஜெயித்தவர், அதே ஜூனியர் வயதில் உலகம் கண்டுகொள்ளாத ஒருவர். இந்த ஒரு ஸ்கோரை நம் ஊர்ப் பெற்றோர் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அதே மாதக் கடைசியில் சீனாவின் ஆனிங்கில், உலகத் தொழில்முறைச் சுற்றான ஏடிபிக்கு அடுத்த நிலையான சேலஞ்சரில், தன் முதல் பட்டத்தை வென்றார். பிறகு நடந்தது, டென்னிஸ் உலகம் இன்னும் பேசுகிற கதை. பிரெஞ்சு ஓப்பனின் தகுதிச் சுற்றில் தோற்றதும், அடுத்த போட்டிக்காக இத்தாலியின் விசென்சாவுக்குப் போய்விட்டார். அந்த நேரம் பாரிஸில் நிக் கிரியோஸ் விலகினார். தகுதிச் சுற்றில் தோற்றவர்களில் ஒருவருக்கு அந்த இடம் கிடைக்கும். பிரஜ்னேஷ் பாரிஸிலேயே இருந்திருந்தால் அது அவருக்குத்தான். பார்சிலோனாவில் இருந்த அர்ஜென்டினா வீரர் மார்கோ துருங்கெலித்தி, பாட்டியையும் அம்மாவையும் தம்பியையும் காரில் ஏற்றிக்கொண்டு மணிக்கணக்காக ஓட்டிப் பாரிஸ் வந்து சேர்ந்து, பெர்னார்ட் டோமிச்சைத் தோற்கடித்து 79,000 யூரோ பரிசோடு போனார்.

வேறு ஒருவராக இருந்தால் அந்த ஏமாற்றத்திலேயே ஒரு மாதம் போயிருக்கும். பிரஜ்னேஷ் மூன்று வாரங்களுக்குள் ஸ்டுட்கார்ட் புல்தரையில், உலகின் முதல் முப்பது பேரில் ஒருவராக இருந்த டெனிஸ் ஷபோவலோவைத் தோற்கடித்தார். ஆகஸ்டில் ஆசிய விளையாட்டில் வெண்கலம். நவம்பரில் பெங்களூரு சேலஞ்சர் பட்டம். 2019 பிப்ரவரியில் முதல் நூறுக்குள் நுழைந்தார். மார்ச்சில் இண்டியன் வெல்ஸில் பெனுவா பேரை வென்று, அப்போது உலகின் 18-ம் இடத்தில் இருந்த நிகோலஸ் பசிலாஷ்விலியையும் வீழ்த்தினார். ஏப்ரலில் 75-ம் இடம். வயது 29.

ஒன்றரை வருடத்துக்குள் 240-லிருந்து 75. ஆட்டத்தில் புதிதாக என்ன அடி முளைத்தது என்று கேட்டால், எதுவும் இல்லை. ஃபோர்ஹேண்ட் பழைய ஃபோர்ஹேண்ட்தான். மாறியது, அதை மூன்றாவது மணி நேரத்திலும் அதே கால்களோடு போய் அடிக்க முடிந்ததுதான். அடுத்த நாளும், அடுத்த வாரமும் அடிக்க முடிந்தது.

இரண்டாவது வாய்ப்பு

தொழில்முறை ஆட்டத்தின் வளர்ச்சியை ஒரே ஒரு அடியில் காட்டு என்றால் நான் செகண்ட் சர்வைக் காட்டுவேன்.

டென்னிஸில் ஒவ்வொரு புள்ளிக்கும் சர்வ் போட இரண்டு வாய்ப்பு. முதலாவதை ஓங்கி அடிக்கலாம். வலையில் விழுந்தால் இன்னொன்று இருக்கிறது. அந்த இரண்டாவதும் தவறினால் டபுள் ஃபால்ட், புள்ளி எதிராளிக்கு. பதினான்கு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? பயத்தில் கையைத் தளர்த்தி, பந்தை மெல்லத் தட்டி உள்ளே போடும். ஜூனியர் ஆட்டத்தில் இது செல்லுபடியாகும். எதிரே நிற்பதும் இன்னொரு பதினான்கு வயதுதானே. மாவட்டப் போட்டியில் ஜெயித்துக் கோப்பையும் வாங்கிவிடலாம். அதே தட்டலைத் தொழில்முறை ஆட்டக்காரரிடம் போட்டால், அவர் இரண்டடி முன்னால் வந்து நின்று பந்தைக் கோட்டோரமாக அறைந்துவிட்டுப் போவார்.

நல்ல செகண்ட் சர்வுக்குப் பந்தைத் தலைக்கு நேர் மேலே, வலதுகைக்காரர் என்றால் சற்றே இடப்பக்கமாக, எறிய வேண்டும். முழங்கால் மடங்கி, முதுகு வில்லாக வளையும். மட்டை கீழிருந்து மேலாகப் பந்தின் முதுகை உரசிக்கொண்டு எழும். பந்து வலைக்கு மேல் மூன்று நான்கடி உயரத்தில் தாராளமாகப் போய், அப்புறம் திடீரென்று குத்திட்டு இறங்கிக் கட்டத்துக்குள் விழும். விழுந்த இடத்திலிருந்து எதிராளியின் தோள் உயரத்துக்குத் துள்ளும். இதில் விளங்கிக்கொள்ளக் கடினமான இடம் ஒன்று உண்டு. பந்து பத்திரமாக உள்ளே விழ வேண்டும் என்றால் கையை மெதுவாக்கக் கூடாது. முதல் சர்வைவிட வேகமாகச் சுழற்ற வேண்டும். சுழற்சி கூடினால்தான் பந்து இறங்கும். பயந்து மெதுவாக்கினால் சுழற்சி போய்விடும், பந்து கோட்டைத் தாண்டிவிடும். 4-5, 30-40 என்ற நிலையில், கை நடுங்குகிறபோது, முழு வேகத்தில் சுழற்ற உடம்பையும் மனசையும் பழக்குவதற்கு ஆயிரக்கணக்கான பந்துகள் வேண்டும். அந்தப் பழக்கம் ஏறிக்கொண்டிருக்கிற காலம் முழுக்கப் பிள்ளை டபுள் ஃபால்ட் போட்டுத் தோற்கும். தட்டிப் போடுகிற பிள்ளை ஜெயிக்கும்.

கோர்ட்டுக்கு வெளியே நிற்கிற அப்பாவுக்குத் தோல்விதான் கண்ணில் படும். "ஏன்டா, ஒழுங்கா உள்ள போட்டாதான் என்ன?" என்று அதட்டுவார். அந்த ஒரு அதட்டலில் மூன்று வருட வளர்ச்சி நின்றுபோகும். நல்ல கோச் அந்த நேரத்தில் பிள்ளையின் பக்கம் நிற்பார். எத்தனை டபுள் ஃபால்ட் என்று எண்ண மாட்டார், எத்தனை முறை கை முழுதாகச் சுழன்றது என்று எண்ணுவார்.

உலகத்தின் உச்சியில் இருப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. நோவாக் ஜோகோவிச் தன் சர்வை மாற்றப் போய், 2010-ல் டபுள் ஃபால்ட்டுகளாகப் போட்டுத் தவித்தார். அப்போது அவர் ஏற்கெனவே ஒரு கிராண்ட்ஸ்லாம் சாம்பியன், உலகின் முதல் மூன்று பேரில் ஒருவர். அதைச் சரிசெய்து, உணவுப் பழக்கத்தையும் மாற்றிக்கொண்டு, 2011-ல் மூன்று கிராண்ட்ஸ்லாம் வென்று முதலிடம் பிடித்தார்.

ரமேஷ் கிருஷ்ணன் தேர்ந்த வழி

பலவீனத்தைச் சரிசெய்துதான் வளர வேண்டும் என்பதும் இல்லை. ரமேஷ் கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்று, அதிலிருந்து ஆறு வருடம் கழித்து 1960-லும், மறுவருடம் 1961-லும் அதே விம்பிள்டனின் அரையிறுதிக்கு வந்தவர். மகன் 1979-ல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் என இரண்டு ஜூனியர் பட்டங்களையும் வென்றார். ஆனால் ரமேஷின் சர்வ், சுற்றுப்பயண ஆட்டக்காரர்களிலேயே மென்மையானவற்றில் ஒன்று. எண்பதுகளில் மர மட்டை போய் கிராஃபைட் வந்து, ஆட்டமே அடிதடியாக மாறிக்கொண்டிருந்த நேரம் அது. மென்மையான கைகளுக்கு அங்கே இடமில்லை என்று தோன்றியது.

ரமேஷ் வலிமையின் பின்னால் ஓடவில்லை. பந்து தரையில் பட்டு எழும்போதே, அது உச்சிக்குப் போகும் முன்னாலேயே எடுத்தார். எதிராளி அடித்த வேகத்தையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தார். எதிராளி தன் இடத்துக்குத் திரும்பி வர வேண்டிய அரை நொடியை அவரிடமிருந்து பறித்தார். இது கண்ணின் வேலை, காலின் வேலை. வருடங்கள் கூடக்கூடத்தான் கூர்மையாகும். தரவரிசையில் அவருடைய உச்சம் 1985 ஜனவரியில் எட்டிய 23. ஆனால், நாம் இன்றும் நினைவில் வைத்திருக்கிற ரமேஷ் அதற்குப் பிறகு வந்தவர். 1986 விம்பிள்டன் காலிறுதி. 1987 அமெரிக்க ஓப்பன் காலிறுதி. அதே 1987-ல் சிட்னியின் புல்தரையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டேவிஸ் கோப்பை அரையிறுதியில் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டை வென்றதோடு, முடிவைத் தீர்மானித்த ஐந்தாவது ஆட்டத்தில் வாலி மசூரையும் வென்று இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனார். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனின் இரண்டாவது சுற்றில், உலகின் முதல் நிலை வீரரும் நடப்புச் சாம்பியனுமான மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் தோற்கடித்தார். முந்தைய வருடம் நான்கில் மூன்று கிராண்ட்ஸ்லாம்களை அள்ளியவர் விலாண்டர். ஒரு மனிதனின் ஆட்டம் தரவரிசையைத் தாண்டியும் வளர முடியும் என்பதற்கு, தமிழ்நாட்டிலிருந்து இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நேர்கோடாகப் போகாது

ராம்குமார் ராமநாதனின் கணக்கு வேறு மாதிரி. 22 வயதில், 2017-ல், துருக்கியின் அன்டாலியாவில் உலகின் எட்டாம் நிலை வீரர் டொமினிக் தீமை 6-3, 6-2 என்று வாரிச் சுருட்டினார். 2018 ஜூலையில் நியூபோர்ட் ஏடிபி போட்டியின் இறுதிக்கு வந்தார். பெரிய சர்வ், வலைக்கு ஓடிவந்து வாலி அடிக்கும் துணிச்சல். இனி இவர் ஏறிக்கொண்டேதான் இருப்பார் என்று எல்லோரும் எழுதினார்கள். ஆனால், ஏடிபிக்கு அடுத்த நிலையான சேலஞ்சரில் சிங்கிள்ஸ் பட்டம் வெல்ல அவர் 2021 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் ஆறு இறுதியாட்டங்களில் தோற்றிருந்தார். மனாமாவில் ஏழாவது இறுதியை வென்றபோது வயது 27. அடுத்த மூன்று மாதங்களுக்குள் போபண்ணாவோடு ஜோடி சேர்ந்து இரண்டு ஏடிபி டபுள்ஸ் பட்டங்கள் வென்றார். ஆறு தோல்விக்குப் பிறகும் ஏழாவது இறுதிக்கு வந்து நிற்கிறவரின் மனசை எந்தத் தரவரிசைப் பட்டியலும் அளப்பதில்லை.

கோயம்புத்தூரின் ஸ்ரீராம் பாலாஜி சிங்கிள்ஸிலிருந்து டபுள்ஸுக்கு வழியை மாற்றிக்கொண்டு, 34 வயதில் பாரிஸ் ஒலிம்பிக் ஆடினார். அங்கே அவருடைய ஜோடி போபண்ணா. குடகுக்காரரான போபண்ணாவின் முழங்கால்களில் குருத்தெலும்பு தேய்ந்தே போய்விட்டது. ஐயங்கார் யோகாவைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் காப்பாற்றினார். 2021-ல் தொடர்ந்து தோற்றபோது விட்டுவிடலாமா என்று யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 2024 ஜனவரியில் மேத்யூ எப்டனோடு ஆஸ்திரேலிய ஓப்பன் வென்று, 43 வயதில் டபுள்ஸ் உலக முதலிடத்துக்கு வந்தார். அந்த இடத்தை முதன்முறையாகப் பிடித்தவர்களில் அவரைவிட வயதில் மூத்தவர் யாரும் இல்லை.

ரோஜர் ஃபெடரர் 2024-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கணக்குச் சொன்னார். தான் ஆடிய 1,526 சிங்கிள்ஸ் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வென்றிருக்கிறார். ஆனால் ஆடிய புள்ளிகளில் வென்றது 54 சதவீதம்தான். அதாவது டென்னிஸின் மகா கலைஞனே நூற்றில் 46 புள்ளிகளைத் தோற்றுக்கொண்டிருந்தார். இந்தக் கணக்கின் முழு அர்த்தத்தையும் யோசித்துப் பாருங்கள். 48 சதவீதப் புள்ளிகளை வெல்கிறவர் வாராவாரம் முதல் சுற்றில் வீட்டுக்குப் போவார். 52 சதவீதம் வெல்கிறவர் வாராவாரம் அரையிறுதி ஆடுவார். ஒரு தொழில்முறை வீரர் பத்து வருடம் உழைத்துச் சேர்ப்பது, நூறு புள்ளிக்கு நாலு புள்ளி. கண்ணுக்குத் தெரியாத அளவு அது. பக்கத்துக் கோர்ட்டில் நின்று பார்த்தாலும் 48-க்கும் 52-க்கும் வித்தியாசம் புலப்படாது. அந்த நாலு புள்ளிதான் இரண்டாவது சர்வில் ஒன்று, ரிட்டர்னில் ஒன்று, மூன்றாவது செட்டின் கால்களில் ஒன்று, தோற்ற புள்ளியை மறந்துவிட்டு அடுத்ததுக்குத் தயாராகிற மனசில் ஒன்று என்று வந்து சேர்கிறது. ஃபெடரரே 2014-ல் பெரிய தலை கொண்ட மட்டைக்கு மாறி, அதற்குப் பழகி, அறுவை சிகிச்சை செய்த முழங்காலோடு ஆறு மாதம் ஓய்ந்து, 2017-ல் 35 வயதில் திரும்பி வந்து ரஃபேல் நடாலை ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் வென்றார். பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாக நடால் குறிவைத்துத் தாக்கிய அதே பேக்ஹேண்டால்தான் அன்று ஜெயித்தார்.

வீட்டுப் பக்கத்தில் ஒரு போட்டி

இவ்வளவு தாமதமாக விளைகிற பயிரை அதுவரை யார் காப்பாற்றுவது? உண்மையான சிக்கல் இங்கேதான். தொழில்முறை டென்னிஸின் அடிமட்டப் போட்டி 15,000 டாலர் பரிசுத் தொகை கொண்டது. பட்டமே வென்றாலும் கைக்கு வருவது இரண்டாயிரம் டாலரைச் சற்றே தாண்டும். விமான டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு, கோச் எல்லாம் அதற்குள். மேலே போனால் நிலைமை தலைகீழ். 2019 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 75,000 ஆஸ்திரேலிய டாலர். பிரஜ்னேஷ் அந்த வருடம் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் முதன்மைச் சுற்று ஆடினார். டியாஃபோ, டெலியன், ராவ்னிச், மெத்வதேவ் என்று நான்கிலும் முதல் சுற்றிலேயே தோற்றார். செய்தித்தாள்கள் அதை ஏமாற்றம் என்று எழுதின. ஒரு கோச்சையும் பிசியோவையும் கூட அழைத்துக்கொண்டு உலகம் சுற்றும் வசதி, அந்த நான்கு 'ஏமாற்றங்களில்' இருந்துதான் ஒரு வீரருக்கு வருகிறது. ஹரியானாவின் சுமித் நாகல், 2023-ல் தன் வங்கிக் கணக்கில் மிச்சம் 900 யூரோதான் என்று வெளிப்படையாகச் சொன்னார். மறுவருடம் அவர் 68-ம் இடத்தில் இருந்தார்.

அடிமட்டத்திலிருந்து மேல்மட்டத்துக்குப் போகிற அந்த வறண்ட பாதையை நம்மால் கொஞ்சம் குறுக்க முடியும். பிரஜ்னேஷின் ஏற்றத்தை மறுபடி பாருங்கள். 2018 நவம்பரில் பெங்களூருவில் பட்டம், 2019 பிப்ரவரியில் சென்னை சேலஞ்சரில் அரையிறுதி. முதல் நூறுக்குள் அவரைத் தள்ளிய புள்ளிகளில் இவை முக்கியமானவை. இரண்டுமே வீட்டுச் சாப்பாடு எட்டுகிற தூரத்தில் நடந்தவை. நாகல் 2024-ல் முதல் நூறுக்குள் நுழைந்ததும் அதே சென்னை சேலஞ்சரை வென்றுதான். நுங்கம்பாக்கத்தில் 1997-லிருந்து 2017 வரை நடந்த ஏடிபி போட்டி புனேவுக்குப் போனபோது, சென்னை இழந்தது ஒரு திருவிழாவை மட்டும் என்று நினைத்தோம். 2009-ல் வைல்டு கார்டு என்கிற சிறப்பு அனுமதியில் நுழைந்த சோம்தேவ் தேவ்வர்மன் இறுதிவரை வந்தது அந்தக் கோர்ட்டில்தான் என்பதை மறந்துவிட்டோம்.

நெய்வேலியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அகலச் சாலையும் மரநிழலும் மைதானங்களும் இருக்கிற திட்டமிட்ட நகரியம், வருகிறவர்களைத் தங்கவைக்கும் விருந்தினர் இல்லங்கள், விளையாட்டை ஆதரிக்கும் பழக்கமுள்ள ஒரு பொதுத்துறை நிறுவனம் என எல்லாம் இருக்கின்றன. வருடத்தில் ஒரு வாரம், மழையும் கடும் வெயிலும் இல்லாத ஜனவரியிலோ பிப்ரவரியிலோ, ஒரு 15,000 டாலர் போட்டியை இங்கே உறுதியாக, ஆண்டு தவறாமல் நடத்தினால், கடலூரிலும் விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் மட்டை பிடிக்கிற பத்தொன்பது வயதுக்காரர்கள் துனிசியாவுக்கும் எகிப்துக்கும் பறக்காமல் தங்கள் முதல் உலகத் தரவரிசைப் புள்ளிக்கு ஆடலாம். வைல்டு கார்டில் நுழைந்து முதல் சுற்றில் தோற்றாலும், முந்நூறாம் நிலைக்காரரின் செகண்ட் சர்வ் எந்த உயரத்துக்குத் துள்ளுகிறது என்று தங்கள் தோளிலேயே தெரிந்துகொள்வார்கள்.

அந்த அப்பாவுக்கு என் பதில் இதுதான்: டென்த் பரீட்சையை எழுதட்டும், டென்னிஸை நிறுத்த வேண்டாம். ரேங்கைக் கொஞ்ச நாள் பார்க்காதீர்கள். செகண்ட் சர்வில் கை முழுதாகச் சுழல்கிறதா என்று மட்டும் கோச்சிடம் கேளுங்கள். சுழல்கிறது என்று அவர் சொன்னால், அடுத்த மாதப் போட்டிக்கு விழுப்புரத்திலிருந்து ரயில் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள்.